எதிர்முனையில் ஒரு கை

தேவகியின் அறையில், அவள் கட்டில் கம்பியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்தபடி நான் கூடத்தின் கோடிவரை பின்னோக்கி நடந்தேன். பிற்பகல் வெயில் தரையில் சாய்ந்து கிடந்தது. பின்சுவருக்கு அப்பால், தோல் பதனிடும் டேனரியின் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் எனக்காக வைத்திருந்த காபி ஆறிப்போய், அதன் மேற்பரப்பில் மெல்லிய வட்டங்கள் நடுங்கின.

"இன்னா சார் இது? அம்மாவ கட்டிலோட சேத்து கட்டப் போறீங்களா?" என்றாள் செல்வி. திமிரிப் பக்கத்துப் பெண். ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பகலில் தேவகியைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்தாள்.

"இல்ல செல்வி. அவங்க விரல்மேல படறதுக்குத்தான்."

"ஒரு மணி வாங்கி மாட்டியிருக்கலாமே சார். டிங் டிங்னு அடிச்சிருப்பாங்க."

"மணி அவங்களுக்குப் பழக்கமில்ல. கயிறுதான் பழக்கம்."

செல்வி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தேவகியின் இடது கையை எடுத்து, நான் சொன்னபடி கயிற்றுக்கு அடியில் வைத்தாள்.

இத்தொடரில் இதுவரை கல்லூரியைப் பற்றியும் பாலாற்றைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டைப் பற்றி எழுதவே மாட்டீர்களா என்று வேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. இந்த வாரம் வீட்டுக்குள் வருகிறேன்.

என் மனைவி தேவகிக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வலது கையும் பேச்சும் போய்விட்டன. கண்கள் திறந்திருக்கும், ஆனால் யாரையும் பின்தொடரா. மருத்துவர் பொறுப்பான மனிதர். "அவங்களுக்குப் புரியுதான்னு உறுதியா சொல்ல முடியல சார். கை அசையறது அனிச்சையாவும் இருக்கலாம்" என்றார்.

எங்கள் மகள் நிர்மலா சென்னையில் வேலை பார்க்கிறாள். தாயைப் பராமரிக்க அங்கே ஓர் இல்லத்தில் இடம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியும் சொல்லிவிட்டாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. தேவகியைத் தூக்கித் திருப்பும்போது நான் தடுமாறியதை இரண்டு முறை அவள் பார்த்திருந்தாள்.

"அம்மாவுக்கு இது நம்ம வீடுன்னு தெரியணும்லப்பா? தெரியலன்னா எங்க இருந்தா என்ன? அங்க நல்லா பாத்துக்குவாங்க." பிறகு அவளே, "தெரியும்னு ஒரே ஒரு தடவை காட்டுங்க. வண்டிய வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

அதைக் காட்டுவதற்குத்தான் அந்தக் கயிறு.

பாவு நீட்டிய தெரு

கயிறு ஏன் என்பதைச் சொல்ல, குடியாத்தத்திற்குப் போக வேண்டும்.

நான் கலவையைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பம் தறியை விட்டு மளிகைக்கடைக்கு மாறி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. மேல்விஷாரத்தில் எனக்கு இயற்பியல் விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்த சமயம், சித்தப்பா என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனார். அவர் எங்கே போவதானாலும் முதல் பஸ்ஸில்தான் போவார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டில் எங்களை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. தெருவே வேலையில் இருந்தது.

தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பாவு நீட்டியிருந்தார்கள். லுங்கி நெய்யத் தறியில் ஏற்றும் நெடுக்கு நூல், நீலமும் பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இழைகள். கஞ்சி போட்டு, காயவிட்டு, சுற்றுவதற்காக இடையிலிருந்த மூங்கில் தாங்கிகளை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். இரு முனைகளிலும் கயிறுகள் கல்தூண்களில் இறுகியிருக்க, நடுவில் அவ்வளவு நூலும் காற்றில் நின்றது. சோற்றுக் கஞ்சியின் இளம் புளிப்பு மணம் தெரு முழுக்க.

இவ்வளவு நீளமான, இவ்வளவு சீராக இழுக்கப்பட்ட ஊடகத்தை நான் எந்த ஆய்வகத்திலும் கண்டதில்லை. பெண் பார்க்க வந்தவன் என்பது எனக்கு மறந்துபோயிற்று. அருகிலிருந்த முனையில், உள்ளங்கையால் கீழிருந்து மேலாக ஒரு தட்டுத் தட்டினேன்.

ஒரு மேடு எழுந்தது. பச்சையும் நீலமும் வரிசையாக எழுந்து தாழ, அந்த மேடு தெருவைக் கடந்து ஓடியது. கல்தூணைத் தொட்டது. பள்ளமாகத் திரும்பி வந்தது. கட்டப்பட்ட முனையை அடையும் அலை தலைகீழாகித்தான் திரும்பும். அசையாத தூணால் எழ முடியாது. தன்னை எழுப்ப முயலும் இழையை அது கீழ்நோக்கி இழுத்துவிடுகிறது. பாடத்தில் சொன்னபடி எல்லாம் நடந்ததில் எனக்குப் பெரிய திருப்தி.

அதற்குப் பிறகு பாடத்தில் இல்லாத ஒன்று நடந்தது. எதிர்முனையிலிருந்து இன்னோர் அலை வந்தது. பள்ளமல்ல, மேடு. அதன் பின்னால் மற்றொரு மேடு.

எந்தக் கல்தூணும் அப்படிச் செய்யாது. நிமிர்ந்து பார்த்தேன். தெருக்கோடியில், புடவையை வரிந்து செருகி, முழங்கைவரை கஞ்சி காய்ந்த கைகளோடு ஒரு பெண் கயிற்றருகே நின்றிருந்தாள். அவள் பார்வை எதிர்வீட்டுக் கூரைமேல் இருந்தது.

அப்போது பட்டுப் பட்டென்று சில இழைகள் அறுந்தன.

"எவன்டா அவன், பாவுல கைய வெச்சவன்?" பாவின் நடுவிலிருந்து ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடி வந்தார்.

சித்தப்பா முன்னே போய் நின்றார். "மன்னிச்சுக்கணும்ணே. நம்ம பையன்தான். தெரியாம தட்டிட்டான்."

"நம்ம பையனா? நீங்க யாரு?"

"பொண்ணு பாக்க வந்திருக்கோம்."

பெரியவர் என் சலவைச் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "காலேஜ்ல பாடம் நடத்துறவர்னு சொன்னாங்களே, அவரா?"

"அவரேதான்."

"பாவைத் தட்டத்தான் காலேஜ்ல சொல்லிக்குடுக்கறாங்களா? பொண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்புங்க."

தெருக்கோடியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "அப்பா, அவரு ஒரு தட்டுதான் தட்டினாரு. ரெண்டு தட்டினது நானு. அறுந்ததுல ஜாஸ்தி என்னுதுதான்."

தெருவே சிரித்துவிட்டது. கோபத்தை வைத்துக்கொள்ள அவருக்கு இடமில்லாமல் போயிற்று. பாவை அறுத்தவர் யாரானாலும் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு முடிந்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். விருந்தாளி என்பதற்காக அதைத் தளர்த்த அவர் தயாராக இல்லை.

ஆகவே, சொஜ்ஜி பஜ்ஜியோடு நடந்திருக்க வேண்டிய பெண் பார்க்கும் சடங்கு, பாவின் இருபுறமும் நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து இழை முடிவதாக நடந்தது.

"அப்படி இல்லீங்க, விரல்ல உருட்டுங்க. எச்சி தொடாதீங்க, கஞ்சி போய்டும்."

உருட்டினேன். சிறிது நேரம் கழித்து, "எதுக்குத் திருப்பித் தட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க எதுக்குத் தட்டினீங்க?"

"அலை போய் எப்படித் திரும்பி வருதுன்னு பாக்க."

"நான், தட்டினது யாருன்னு பாக்க."

பெரியவர் வந்து என் முடிச்சுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முடிச்சு படுமோசம்" என்றார். பிறகு சித்தப்பாவிடம், "ஆனா உக்காந்து முடிஞ்சாரு. உள்ள வாங்க, காப்பி சாப்பிடுவோம்" என்றார்.

எது பயணம் செய்கிறது?

பல ஆண்டுகள் நான் அலைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பெரும்பாலான நூல்கள் கடலிலிருந்து தொடங்குகின்றன. என் மாணவர்களில் பலர் கடலைக் கண்டதில்லை; அவர்கள் அன்றாடம் கடந்துவந்த பாலாற்றில் மணல்தான் இருந்தது. ஆகவே நான் குடியாத்தத்துப் பாவிலிருந்து தொடங்குவேன். அதைத் தட்டியவன் யாரென்று சொன்னதில்லை.

அலையில் பொருள் வருவதில்லை என்பதுதான் முதல் பாடம். தேவகியின் கையருகே இருந்த நீல இழை அங்கேயேதான் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் இழை தன் இடத்திலேயே எழுந்து தாழ்ந்தது. அவள் கை செலவிட்ட ஆற்றல் மட்டும் தெருவைக் கடந்து என்னிடம் வந்தது. இழை மேலும் கீழுமாக அசைய, அலை அதற்குக் குறுக்காகப் போவதால் அது குறுக்கலை.

நெட்டலைக்கு ஆற்காடு பஸ் போதுமானது. நடத்துநர் "உள்ள போ, உள்ள போ" என்று படிக்கட்டில் நிற்பவரை ஒரு தள்ளுத் தள்ளுவார். அவர் முன்னிருப்பவர்மேல் சாய்ந்து நிமிர்வார், அவர் அடுத்தவர்மேல். யாரும் ஓர் அடிகூட நகர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் தள்ளு மட்டும் ஓட்டுநர்வரை போய்ச் சேர்ந்துவிடும். ஒலி காற்றில் போவது அவ்விதமே: நெருக்கம், தளர்வு, மீண்டும் நெருக்கம். ஒளிக்கு இப்படித் தோள் கொடுக்க ஒருவரும் தேவையில்லை; வெற்றிடத்தையும் கடந்து வந்துவிடும்.

ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், டேனரி நாத்தம் எந்த அலை சார்?" என்றான்.

"அது அலையே இல்லப்பா. அந்த மூலக்கூறுகளே நேர்ல நம்மகிட்ட வருது."

"அதான் சார், வந்தா போகவே மாட்டேங்குது."

வீட்டில் இதைச் சொன்னபோது தேவகி இரண்டு நாட்கள் சிரித்தாள். "அந்தப் பையனுக்கு மார்க் ஜாஸ்தி போடுங்க" என்று பரிந்துரையும் செய்தாள்.

டிரம்மும் துணிக்கொடியும்

நாங்கள் குடியேறிய வீட்டின் பின்சுவரை அடுத்தே டேனரி இருந்தது. தோல்களை உள்ளே போட்டுச் சுழற்றும் மரத்தாலான பெரிய டிரம், பகல் முழுதும் ஒரு கனத்த தாளத்தோடு சுற்றும். அந்த ஒலியின் அதிர்வெண் குறைவு, அலைநீளம் அதிகம். மூலைகளை வளைந்து கடந்து எந்த அறைக்குள்ளும் வந்துவிடும். தேவகியின் குரலோ மெல்லியது, உயர்ந்தது. சமையலறையிலிருந்து அவள் "ஏங்க" என்று அழைத்தால் நடையைத் தாண்டுவதற்குள் அது டிரம்மிடம் தோற்றுவிடும்.

கொல்லைப்புறத்தில், சமையலறை வாசலிலிருந்து என் படிப்பறை ஜன்னல் கம்பிவரை ஒரு துணிக்கொடி கட்டியிருந்தது. ஒருநாள் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் ஜன்னலருகே கிளிப்புகள் கடகடவென்று ஆடின. கொடியில் ஒரு மேடு வந்து மோதியது, உடனே இன்னொன்று. எட்டிப் பார்த்தேன். மறுமுனையில் தேவகி கரண்டியோடு நின்றிருந்தாள். பார்வை இம்முறை முருங்கை மரத்தின்மேல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தட்டு என்றால் "இங்கே வாருங்கள்". நான் ஒரு தட்டுத் தட்டினால் "வருகிறேன்". தாமதித்தால் அதே இரண்டு தட்டு பெரிய வீச்சோடு வரும். சட்டைகள் கொடியிலிருந்து பறக்கும். வீச்சைக் கொண்டு அவளுடைய பொறுமையை என்னால் அளக்க முடிந்தது.

கைப்பேசி வந்தபோது நிர்மலா கேட்டாள்: "ஒரு வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க? போன் பண்ணிக்கலாம்ல?"

"போன்ல உங்கப்பா 'இதோ வர்றேன்'னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்திருப்பாரு. கொடியில தட்டினா, அடுத்த தட்டுக்கு பயந்து வந்துடறாரு" என்றாள் தேவகி.

சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் தட்டிவிடுவோம். இரு மேடுகளும் கொடியின் நடுவில், ஈரப் போர்வைக்கு அடியில் சந்தித்து ஒரு கணம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பேருருக் கொள்ளும்; போர்வை எகிறும். மறுகணம் இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து, சேதமின்றித் தத்தம் வழியே போகும். மேற்பொருந்துதல் என்று இதற்குப் பெயர். எங்கள் சச்சரவுகளும் ஏறத்தாழ இவ்விதிக்கு உட்பட்டே நடந்தன.

தளர்ந்த கயிறு

அந்தப் பிற்பகலுக்குத் திரும்புகிறேன்.

கயிறு கட்டில் கம்பியில் கட்டப்பட்டு, அதற்குச் சற்று முன்னால் தேவகியின் விரல்களின்மேல் படிந்து, கூடத்தைக் கடந்து என் கைக்கு வந்தது. நான் ஒரு தட்டுத் தட்டினேன். மேடு பாதிவழி போய்த் தரையோடு தரையாக அடங்கிவிட்டது.

நிர்மலா கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "போதும்பா. அம்மாவையும் கஷ்டப்படுத்தி, நீங்களும் கஷ்டப்பட்டு எதுக்கு?"

"கயிறு தொய்வா இருக்கும்மா. தொய்வா இருந்தா எதுவும் போய்ச் சேராது."

இறுக்கம் கூடினால் அலையின் வேகம் கூடும். கயிற்றை என் பக்கத்திலிருந்த கூடத்து ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுப்பகுதி தரையை விட்டு எழும்வரை இழுத்தேன். மறுபடி தட்டினேன். இம்முறை மேடு தெளிவாக ஓடியது. தேவகியின் விரல்களைக் கடந்து, கம்பியைத் தொட்டு, திரும்பி வந்தது.

"அப்பா! வந்துது! திரும்பி வந்துது!" நிர்மலாவின் முகம் சட்டென்று சிறுபிள்ளையின் முகமாயிற்று.

நான் தலையசைத்திருந்தால் போதும். வண்டி வருவது நின்றிருக்கும்.

"இல்ல நிம்மி" என்றேன். "அது கட்டில் கம்பி."

"எப்படிச் சொல்றீங்க?"

"தலைகீழா வந்துது. கட்டின முனை அப்படித்தான் திருப்பி அனுப்பும்."

செல்விக்குப் பொறுக்கவில்லை. "வந்துதுன்னு சொல்லிட்டுப் போலாம்ல சார்? இன்னா இப்போ? கம்பியா வந்து கோவிச்சுக்கப் போவுது?"

நியாயமான யோசனைதான். ஆயினும், தேவகியை ஒரு கட்டில் கம்பியின் பெயரால் வீட்டில் நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் இருக்கிறாள் என்றால் அவளே சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதை அறிந்துகொள்ளும் கடமை எனக்கு உண்டு.

மறுபடி தட்டினேன். மேடு போயிற்று, பள்ளம் வந்தது. கயிறு அடங்கியது. நிர்மலா தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பின்சுவருக்கு அப்பால், தேநீர் நேரத்திற்காக டிரம்மை நிறுத்தினார்கள். காபியின் மேலிருந்த வட்டங்கள் மறைந்து மேற்பரப்பு கண்ணாடியாயிற்று.

கயிறு என் உள்ளங்கையில் எழுந்தது.

நான் எதையும் அனுப்பியிருக்கவில்லை. மிகச் சிறிய வீச்சு. ஆனால் மேடு. அது என் கையில் அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது.

"சார்!" என்று செல்வி கத்தினாள். "அம்மா விரல தூக்குனாங்க சார்! ரெண்டு தபா! நான் பாத்தேன்!"

நிர்மலா என்னிடம் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். சிறுவயதில் அந்தத் துணிக்கொடிக்கு அடியில் விளையாடியவள் அல்லவா? ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். வருகிறேன்.

மேடு போயிற்று. பள்ளம் வந்தது. அவள் பள்ளத்தைப் பொருட்படுத்தாமல் காத்திருந்தாள். சற்று நேரம் கழித்து, மேடு. பின்னும் ஒரு மேடு. முந்தையதைவிடச் சற்றே பெரியது.

"திட்டறாங்கப்பா" என்றாள் நிர்மலா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்; முகம்தான் சிரிப்பில் நிலைக்கவில்லை. போய்த் தாயின் உள்ளங்கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு கொல்லைப்புறம் போய்க் கைப்பேசியில் பேசுவது கேட்டது. டிரம் நின்றிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"ஞாயித்துக்கெழம வண்டி வேணாம்ங்க… இல்லீங்க, ஒடம்பு அப்படியேதான் இருக்கு… அம்மா கூப்பிடறாங்க. அதான்."

ஜன்னல் கம்பி

தேவகிக்குப் பேச்சு திரும்பவில்லை. அற்புதம் எதுவும் நிகழ்ந்ததாக நான் எழுதப்போவதில்லை. செல்வி இரவும் எங்களோடு தங்கச் சம்மதித்தாள். நிர்மலா வாரந்தோறும் வந்து போனாள். நான் காலையில் எழுந்ததும் முதலில் கயிற்றின் இறுக்கத்தைச் சரிபார்ப்பேன். நாளில் சில முறை இரண்டு தட்டு வரும். தண்ணீராக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், போர்வையாக இருக்கலாம். பெரும்பாலும் எதுவுமாகவும் இராது. நான் போய் அருகில் உட்கார்ந்தால் விரல்கள் அடங்கிவிடும். வீச்சு குறைந்துகொண்டே வந்தது. தட்டுகள் மட்டும் இரண்டாகவே இருந்தன.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில், தன் வீட்டில், தன் அறையில் அவள் காலமானாள்.

வாடகைக் கட்டிலை எடுத்துச் சென்றபோது நிர்மலா கயிற்றைச் சுருட்டிவைக்கவில்லை. அந்த முனையை, கட்டில் இருந்த அதே உயரத்தில், அவ்வறையின் ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

சென்ற வாரம் ஒரு பிற்பகலில் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது, காபியில் வட்டங்கள் இருந்தன. கயிற்றில் ஒரு தட்டுத் தட்டினேன். மேடு அறைக்குள் ஓடிற்று. கம்பியைத் தொட்டு, பள்ளமாகத் திரும்பி வந்து என் கையில் அடங்கியது.

சரியான விடை. கட்டப்பட்ட முனை அப்படித்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஆயினும் கயிற்றை உடனே விட்டுவிடவில்லை. இரண்டு மேடுகள் அந்தத் தூரத்தைக் கடந்து வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அதுவரை பிடித்திருந்தேன்.